ரோமைக் காட்டுகிறோம் என்று 520 யூரோவை விழுங்கினார்கள்: குரூஸ் (சொகுசுக் கப்பல் பயணம்) போகிறவர்கள் கவனத்துக்கு

520 யூரோ. நம் பணத்தில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாய். அதற்கு எங்களுக்குக் கிடைத்தது ரோமின் பழங்கால அரங்கமான கொலோசியத்தின் வெளிச்சுவர் தரிசனம். ஊர் வந்து சேர்ந்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் கோர்வையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மத்தியதரைக் கடல் குரூஸ் அட்டவணையில் 'ரோம்' என்று போட்டிருப்பார்கள். கப்பல் ரோமுக்குப் போகாது. நிற்பது சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில், ரோமிலிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளி. காலையில் இறங்கினால் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவுக்கு நான்கு பேருக்குச் சொன்ன விலை தலையைச் சுற்றியது. அதனால் இப்படிக் கரையில் இறங்கிச் சுற்றும் பயணங்களை மட்டுமே விற்கும் ஒரு இணையதளத்தில் பதிவு செய்தோம். பெயர் போடவில்லை. பணம் போனது போதும், வக்கீல் நோட்டீஸ் வேறு வேண்டாம்.

தனி வேன், வரிசையில் நிற்காமல் கொலோசியம், வாடிகன், மதிய உணவு, நேரத்துக்குக் கப்பலில் கொண்டுவிடும் உத்தரவாதம் என்று போட்டிருந்தது. மாமாவுக்கு முட்டி வலி, அதனால் தனி வேன் என்பதே எங்களுக்குப் பெரிய விஷயம். அப்போதும் நான் சாட்டில் தெளிவாகக் கேட்டேன்: நாங்கள் வருவது ஞாயிற்றுக்கிழமை, வாடிகன் அருங்காட்சியகம் உண்டா? உடனே பதில் வந்தது. எல்லாம் அடக்கம், பெரியவர்களை எங்கள் வீட்டு ஆட்களைப் போலப் பார்த்துக்கொள்வோம் என்று. அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "நல்ல மனுஷங்களாத் தெரியுதும்மா, போட்டுரு" என்றார். பக்கத்தில் என் கணவர் கார்டை நீட்டினார். 520 யூரோ போனது.

வாடிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறப்பதே இல்லை. கூரை ஓவியங்களுக்குப் பெயர்போன சிஸ்டின் சிற்றாலயமும் அதற்குள்தான். நாங்கள் போனது கடைசி ஞாயிறு அல்ல, தேதி அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். நண்பகலில் போப் ஜன்னலில் தோன்றி ஆசி வழங்குவார் என்று வாடிகனின் பேதுரு சதுக்கத்துக்குக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர் தூரத்தில் வேகத்தைக் குறைத்து, பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தைக் கைகாட்டி, "வாடிகன், போட்டோ, போட்டோ" என்றார். வாடிகன் முடிந்தது.

அடுத்து கொலோசியம். ஞாயிறன்று அதற்குப் போகும் பெரிய சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். பியாட்சா வெனேசியா என்ற சதுக்கத்தின் பக்கம் இறக்கிவிட்டு, இரண்டரைக்கு இங்கேயே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. மாமா நின்று நின்று நடந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வாசலில் எங்களிடம் இருந்த வவுச்சரைப் பார்த்துவிட்டு, இது டிக்கெட்டே இல்லை என்றார்கள். 2023 அக்டோபரிலிருந்து கொலோசியம் டிக்கெட்டில் பார்வையாளரின் பெயர் இருக்க வேண்டும், அடையாள அட்டையோடு ஒத்துப்பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். இந்த இணையதளம் எங்களில் மூன்று பேரின் பெயரைக் கேட்கவே இல்லை! அப்படியென்றால் டிக்கெட் வாங்கும் எண்ணமே இருந்திருக்காது. சாதாரண டிக்கெட் 18 யூரோதான், கையில் காசும் இருந்தது, ஆனால் அன்றைக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது.

மதிய உணவையும் சொல்லிவிடுகிறேன். வேனில் ஏறும்போதே கையில் கொடுத்த பன், உள்ளே பன்றி இறைச்சி. சைவம் என்று பதிவிலேயே எழுதியிருந்தோம்.

இரண்டரைக்கு வேன் வரவில்லை. மூன்றுக்கும் வரவில்லை. ஓட்டுநரின் போன் அணைந்திருந்தது. தனியாரிடம் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது, அது விற்ற சுற்றுலாவில் போனவர்களுக்குத்தான் காத்திருக்கும். கொலோசியம் மெட்ரோவில் ஏறி, பிரமிடே நிலையத்தில் இறங்கி, ஒட்டியே இருக்கும் ஓஸ்தியென்சே ரயில் நிலையத்தில் சிவிட்டாவெக்கியா வண்டியைப் பிடித்தோம். ரயிலுக்கு ஆளுக்கு ஐந்து யூரோகூட ஆகவில்லை. அத்தை வழியெல்லாம் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. இணையதளம் சொன்னது: நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, உள்ளூர் நிறுவனத்தைக் கேளுங்கள். உள்ளூர் நிறுவனம் சொன்னது: வேன் வந்தது, நீங்கள்தான் இல்லை. சரி, கொலோசியம் டிக்கெட் எங்கே? அதற்குப் பதிலே இல்லை. வாடிகன்? காட்டினோமே என்றார்கள்! கடைசியில் பெரிய மனது பண்ணி, அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். 520 யூரோவைத் தொலைத்தவர்களுக்குக் கூப்பன்! நடந்ததை அவர்கள் தளத்திலேயே விமர்சனமாக எழுதினேன், விதிமுறைக்கு முரணானது என்று நீக்கிவிட்டார்கள். அங்கே ஐந்து நட்சத்திரங்களாக மின்னுவதன் ரகசியம் இதுதான் போல. வங்கியில் கொடுத்த புகார் இன்னும் 'பரிசீலனையில்' இருக்கிறது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. கொலோசியம் டிக்கெட் அடக்கம் என்பவர் எல்லோருடைய பெயரையும் கேட்கவில்லை என்றால் பணம் கட்டாதீர்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் வாடிகன் அருங்காட்சியகம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சாட்டில் பேசியதையெல்லாம் படம் பிடித்து வையுங்கள், என்னுடையது பாதி அழிந்துவிட்டது. கார்டில் கட்டுங்கள், பணமாகவோ நேரடிப் பரிமாற்றமாகவோ கொடுக்கவே கொடுக்காதீர்கள். ரயில் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள், கப்பலைப் பிடிக்க எங்களுக்கு உதவியது அது ஒன்றுதான்.