வழவழப்பா, சொரசொரப்பா? குருணை வாயுவுக்கு நான் எடுத்த உருண்டை

மணிகள் மோதித் திரியும் குருணை வாயுவைக் கணினியில் ஓட்ட வழவழப்பு உருண்டையை எடுப்பதா, சொரசொரப்பு உருண்டையை எடுப்பதா? ரங்கநாதன் தெருவில் வாங்கிய ஒரு சூப்பர் பந்துதான், அதாவது எகிறிக் குதிக்கும் ரப்பர் பந்துதான், முடிவு சொன்னது. மேசைக்கு அடியில் சாய்வாக எறிந்தேன். தரையில் பட்டு, பலகையின் அடியில் பட்டு, மறுபடி தரையில் பட்டு என் கைக்கே திரும்பிவிட்டது. ஒவ்வொரு மோதலிலும் ஓட்டம் சுழற்சியாகவும் சுழற்சி ஓட்டமாகவும் மாறுவதால் வரும் வித்தை. வழவழப்பு உருண்டையிடம் இது நடக்காது.

கணினியில் ஓட்ட, வழவழப்பு மாதிரிக்கு ஆல்ஃபா ஒன்றே போதும்: நேருக்கு நேர் மோதிய வேகத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற எண். எளிது, வேகமாக ஓடும். சொரசொரப்புக்கு பீட்டாவும் வேண்டும். தொடும் இடத்தின் உரசல் வேகம் என்ன ஆகிறது என்பதை −1 முதல் 1 வரை சொல்லும். −1 என்றால் உரசலே இல்லை. 1 என்றால் உரசல் வேகம் அப்படியே எதிர்த்திசைக்குத் திரும்பும். இந்த இரண்டு முனையிலும் உரசலால் நஷ்டம் இல்லை, நடுவே பூஜ்யத்தில்தான் அதிகம்.

"ஆல்ஃபாவைக் கொஞ்சம் குறைத்து உரசலையும் அதிலேயே அடக்கிவிடேன்" என்றார் சீனியர் அண்ணா. செய்து பார்த்தேன். 1983இல் இயற்பியலாளர் ஹாஃப் சொன்னபடி, வெப்பநிலை (இங்கே மணிகளின் சராசரி இயக்க ஆற்றல்தான்) காலத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இறங்குவது கடைசிக் கட்டத்தில் இரண்டு மாதிரியிலும் சரியாகவே வருகிறது. அந்தச் சரிவு மட்டும் போதும் என்றால் வழவழப்பே எடுத்துக்கொள்ளலாம்.

மாட்டிக்கொள்வது தொடக்கத்தில். சுழலாத மணிகளோடு ஆரம்பித்தால் ஓட்ட ஆற்றல் மளமளவென இறங்கும். ஒரு பங்கு வெப்பமாகத் தொலைகிறது, ஒரு பங்கு சுழற்சிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பம்பரமாகச் சுழலவிட்டு ஆரம்பித்தாலோ ஓட்ட ஆற்றல் முதலில் ஏறக்கூடச் செய்யும். ஆல்ஃபா செலவு மட்டுமே எழுதத் தெரிந்த கணக்குப்பிள்ளை. கைமாற்று எழுத பீட்டா வேண்டும். அதிகச் சூடான வாயு முந்திக் குளிரும் எம்பெம்பா விளைவுகூட இந்தக் கைமாற்றால்தான் சொரசொரப்பு மணிகளில் பெரிதாக வருகிறது. 2019இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆற்றலை ஓட்டத்தில் அதிகம் வைத்திருக்கும் வாயு அடிக்கடி மோதி அதைச் சீக்கிரம் இழக்கிறது. சுழற்சியில் பதுக்கியது மெதுவாகத்தான் கரையும்.

ஆனால் மாறாத பீட்டாவும் முழு உண்மை இல்லை. பக்கவாட்டில் உரசிப் போகும் மோதலில் மணி வழுக்கும். அதற்கு உராய்வுக் கெழுவையும் சேர்க்க வேண்டும். அப்புறம், நான் ஓட்டியது எல்லாம் ஒரே அளவு மணிகள். பெரிசும் சிறிசும் கலந்த கலவைக்கும் சொரசொரப்பையே எடு என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.