ஓட்டு வீடா, கான்கிரீட் வீடா? ஒத்திப் பணமா, வங்கிப் பணமா?

முந்தின வருடம் தை மாதம் நானும் என் மனைவியின் தம்பியும் ஒரே வாரத்தில் இரண்டு வீடுகளைப் பார்த்தோம். ஒன்று கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம், ஆறு சென்ட் புரையிடத்தில் (வீட்டு மனையில்) பழைய ஓட்டு வீடு. மற்றது ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அருகே, மூன்று சென்டில் முப்பது வருடக் கான்கிரீட் வீடு. இரண்டுக்குமே 24 லட்சம் சொன்னார்கள். நான் கான்கிரீட் வீட்டை வாங்கினேன். அவன், "அத்தான், மண்ணு ஆறு சென்ட் இருக்குல்லா" என்று ஓட்டு வீட்டை வாங்கினான். யார் செய்தது சரி என்ற பேச்சு இன்னும் எங்கள் வீட்டில் ஓயவில்லை.

முதலில் வங்கி. 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பின் 90 சதவீதம் வரை வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு. அது உச்சவரம்புதான், உறுதிமொழி இல்லை. வீட்டின் வயது, கூரை, பத்திரம் எல்லாம் பார்த்து எனக்குக் கிடைத்தது 18 லட்சம். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 2.16 லட்சம். இதைக் கடனில் சேர்க்க மாட்டார்கள். மீதி 6 லட்சத்தையும் கூட்டினால், சாவி கைக்கு வரும் முன்பே 8 லட்சத்துக்கு மேல் கைப்பணம் போயிருந்தது. 'பத்திரத்தில் குறைத்துப் போடுவோம்' என்று தரகர் சொன்னதற்கு நான் சம்மதிக்கவில்லை. அது சட்டப்படி தப்பு. அதோடு பத்திரத் தொகை குறைந்தால் கடனும் குறையும், பிறகு விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் கூடும்.

மைத்துனன் போன வங்கியில் ஓட்டுக் கட்டடத்துக்குப் பெரிதாக மதிப்பே போடவில்லை, மண்ணைத்தான் கணக்கில் எடுத்தார்கள். போதாததற்குத் தாய்ப்பத்திரம் மலையாளத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-க்கு முன் நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்ததால் கல்குளம், விளவங்கோடு பக்கம் இது சகஜம். மொழிபெயர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள், பழைய சர்வே எண்ணும் ரீசர்வே எண்ணும் ஒத்துப்போகிறதா என்று கேட்டார்கள். அலுத்துப்போய், வேறொரு மனையை விற்ற பணத்தைப் போட்டு வாங்கினான். மராமத்துக்கு வீட்டு நகையைப் பணயம் வைத்து 5 லட்சம் எடுத்தான்.

இனி கூரை. ஓட்டு வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் ஓடுகளைப் பார்க்கிறார்கள். மைத்துனன் வீட்டைப் பார்த்த ஆசாரி ஓடுகளைப் பார்க்கவே இல்லை. ஏணி போட்டு ஏறி, சுவரில் உட்காரும் கழுக்கோலின் (ஓடுகளைத் தாங்கும் சாய்வு மரத்தின்) முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். நடுவில் இரும்பு மாதிரி இருந்த அயனி மரம், சுவருக்குள் இருந்த அரையடியில் ரஸ்க் மாதிரி பொடிந்து கையில் வந்தது. மழைத்தண்ணீர் சுவர் வழியே இறங்கி, பின்னாலேயே கறையான் ஏறியிருக்கிறது. பதினெட்டு கழுக்கோலில் ஏழு போயிற்று. நல்ல மரத்தை வெட்டி ஒட்டவும் முடியாது, முழுசாக மாற்ற வேண்டும்.

அதைவிடப் பெரிய அடி, காலம். கூரையைப் பிரிக்கத் தை முதல் பங்குனி வரைதான் தோது. நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. பத்திர அலைச்சலில் மாதங்கள் ஓடி, வைகாசியில்தான் அவன் ஓட்டை இறக்கினான். அப்புறம் தார்ப்பாயும் ஈரமண்ணும்தான். நகைக் கடன் வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் 5 லட்சத்துக்கு மாதம் 5,000. வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது ஓடும், அசலிலும் ஒரு ரூபாய் குறையாது.

என் வீட்டில் அவ்வளவு கதை இல்லை. மட்டுப்பாவில் (மொட்டை மாடியில்) ஓதம் தடுக்கும் பூச்சு, குளியலறைக் குழாய் மாற்றம், துருப்பிடித்து வெடித்த சன்ஷேட் இரண்டு, சின்னதாக ஒரு தடுப்புச் சுவர், எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம். கடலோரமாக இருந்திருந்தால் கம்பித் துரு இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

நடுவில் மைத்துனனுக்கு ஒரு யோசனை வந்தது: பாதி வேலையோடு வீட்டை ஒத்திக்கு (மொத்தப் பணம் தருபவர் வாடகையில்லாமல் குடியிருப்பார், போகும்போது அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்) கொடுத்து, வரும் 5 லட்சத்தில் நகையை மீட்பது. "ஒத்திக்கு வட்டி இல்லையே" என்றான். நான் தாளை எடுத்தேன். அந்த வீட்டுக்கு மாதம் 6,000 வாடகை வரும், வருடத்துக்கு 72,000. 5 லட்சத்துக்கு அது 14.4 சதவீதம். நகைக் கடனைவிட அதிகம்! வாங்காத வாடகைதான் ஒத்தியின் வட்டி. ஆனால் எல்லா இடத்திலும் கணக்கு இப்படி வராது. வாடகை 3,000 மட்டும் போகும் உள்ளூரில் 4 லட்சம் ஒத்தி கிடைத்தால் அது 9 சதவீதம்தான், தாராளமாக வாங்கலாம். பதிவு செய்த ஒத்தியாக இருக்க வேண்டும். வங்கியில் அடமானம் இருக்கும் வீட்டை வங்கியின் சம்மதமில்லாமல் ஒத்திக்கு விடவும் கூடாது.

என் பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 18 லட்சம், 20 வருடம், 8.5 சதவீதம்: மாதத் தவணை 15,600 சொச்சம். இரண்டு போர்ஷனாக்கி விட்டதில் 13,000 வாடகை வருகிறது. மாதம் 2,600 என் சம்பளத்திலிருந்து போகிறது. வாடகை வருமானத்தில் 30 சதவீதக் கழிவும் வட்டிக் கழிவும் உண்டு, ஆனால் புதிய வரி முறையில் இருப்பதால் மிஞ்சும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியவில்லை. ஒரே ஆறுதல், மிதக்கும் வட்டிக் கடனை (வட்டி விகிதம் அவ்வப்போது மாறும் கடனை) முன்கூட்டியே அடைத்தால் தனிநபருக்கு அபராதம் கிடையாது. போனஸ் வந்தால் நேரே அசலில் கட்டிவிடுகிறேன்.

மாதச் சம்பளக்காரர் என்றால் வங்கி ஏற்கும் கான்கிரீட் வீட்டையே எடுங்கள் என்பேன். கடனில்லாத பணம் இருந்து, ஒரு மழைக்காலம் பொறுக்க முடிந்தால் மட்டும் ஓட்டு வீடு. அதையும் அவசரமாக விற்காதீர்கள். வாங்கி 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் வழக்கமான வருமானத்தோடு சேர்ந்து வரியாகும், அதற்குப் பிறகு என்றால் 12.5 சதவீதம். கழுக்கோல் மாற்றிய பில்லையும் பத்திரமாக வையுங்கள். வெறும் வெள்ளையடிப்பு போலில்லாமல் வீட்டை மேம்படுத்திய செலவை லாபத்தில் கழிக்கலாம்.

மைத்துனனுக்கு இன்னும் 24 மாதம் முடியவில்லை. போன வாரம் ஒருவர் 34 லட்சம் கேட்டுவிட்டுப் போனார். வந்தவர் கூரையை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லையாம், புரையிடத்தைத்தான் காலால் அளந்தாராம்.