பீர் நுரையாகக் கொட்டுகிறதா? ரெகுலேட்டரை மாற்றச் சம்மதிக்கும் முன் இதைப் படியுங்கள்

வீட்டில் கெகரேட்டர், அதாவது பீர் பீப்பாயைக் குளிர வைத்து டேப் வழியாகப் பிடித்துக் குடிக்க உதவும் ஃபிரிட்ஜ், வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். சர்வீஸ் என்று சொல்லி என்னிடம் மூன்று முறை பணம் வாங்கிவிட்டார்கள். அவர்கள் சரிசெய்ய வந்த கோளாறே முதல் முறை வந்தபோது அவர்கள் உண்டாக்கியதுதான்.

வாங்கிய எட்டு மாதம் வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் பீரில் லேசாக ஒரு புளிப்பு வாடை வந்தது. குழாயைச் சுத்தம் செய்ய வேண்டிய நேரம் என்று நினைத்து, வாங்கிய கடையையே அழைத்தேன். வந்தவர் கதவைத் திறந்ததும் உள்ளே சுருட்டி வைத்திருந்த பீர் குழாயைப் பார்த்தார். "இவ்ளோ நீளம் எதுக்கு சார்? சுருண்டு கிடந்தா அழுக்குதான் சேரும்" என்றார். சுத்தம் செய்யவே இல்லை. பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு, கெக்கிலிருந்து (பீர் பீப்பாய்) மேலே டேப் பொருத்தியிருக்கும் டவருக்கு நேராகப் போகும்படி புதுக் குழாய் ஒன்றை மாட்டினார். பார்க்க நேர்த்தியாக இருந்தது. எனக்கும் திருப்தி.

அன்று மாலை டேப்பைத் திறந்தால் பீர் பீறிட்டு வந்தது. மூன்று விநாடிக்குள் கிளாஸ் நிறைந்துவிட்டது. அதில் முக்கால்வாசி நுரை. இரண்டாவது கிளாஸும் அப்படியே, ஐந்தாவதும் அப்படியே.

மறுபடி வந்தார். பீரை டேப்புக்குத் தள்ளும் வாயுவின் பிரஷர் அதிகம் என்று சொல்லி 12 பி.எஸ்.ஐ.யில் (அழுத்தத்தின் அலகு) இருந்ததை 5-க்குக் குறைத்தார். அதற்கும் ஒரு கட்டணம். அன்று கொஞ்சம் மெதுவாக வந்ததால் நானும் நம்பினேன். மூன்றே நாளில் குழாய்க்குள் குமிழிகள் இடைவெளி விட்டு நிற்பது கண்ணுக்கே தெரிந்தது. டேப்பைத் திறந்தால் முதலில் நுரை துப்பும், அதன் பின்னால் உயிரில்லாத பீர் வரும். காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. பீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை உள்ளே பிடித்து வைத்திருப்பது அந்த அழுத்தமும் குளிர்ச்சியும்தான். சுமார் 3 டிகிரி செல்சியஸில் 12 பி.எஸ்.ஐ. இருந்தால் பீரின் கன அளவைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு வாயு அதில் கரைந்து நிற்கும். அழுத்தத்தைக் குறைத்தால் அந்த வாயு வழியிலேயே வெளியேறத் தொடங்கும். நுரையை நிறுத்த அழுத்தத்தைக் குறைப்பது, நாளடைவில் பீரையே கெடுத்துவிடும்.

மூன்றாவது வருகையில்தான் பெரிய ஏமாற்று. இதை மட்டும் நன்றாக நினைவில் வையுங்கள். வாயு சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்து கெக்குக்கு அனுப்புவது ரெகுலேட்டர். அதில் இரண்டு கேஜ் (அழுத்தமானி) இருக்கும். ஒன்று கெக்குக்குப் போகும் அழுத்தத்தைக் காட்டும், மற்றது சிலிண்டருக்குள் இருப்பதைக் காட்டும். அவர் சிலிண்டர் கேஜைத் தொட்டுக் காட்டி, "நிரப்பினப்ப 800-க்கு மேல இருந்திருக்கும். இப்ப பாருங்க, 500 சொச்சம். ரெகுலேட்டர் போயிடுச்சு, கேஸ் லீக் ஆகுது" என்றார். முள் உண்மையிலேயே அங்கேதான் நின்றது. பயந்துபோய்ப் புது ரெகுலேட்டருக்குச் சம்மதித்தேன். பழையதை அவரே எடுத்துப் போய்விட்டார்.

அது லீக்கே இல்லை. சிலிண்டருக்குள் கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கிறது. திரவம் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்வரை அந்த முள் காட்டுவது வெப்பநிலையை ஒட்டிய அழுத்தத்தை மட்டுமே. எவ்வளவு வாயு மிச்சம் இருக்கிறது என்பதை அது காட்டாது. அறையின் சூட்டில் 800-க்கு மேல் காட்டும் அதே சிலிண்டர், ஃபிரிட்ஜுக்குள் வைத்துக் குளிர்ந்ததும் 500 சொச்சத்துக்கு இறங்கத்தான் செய்யும். எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் சிலிண்டரை எடை போட வேண்டும். லீக் சந்தேகம் இருந்தால் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் இரண்டையும் செய்யவில்லை. தினமும் இந்த வேலை செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

புது ரெகுலேட்டர் வந்த பிறகும் அதே நுரை. நான்காவது முறை போனில் அழைத்தபோது, "கெக் சரியில்ல, பீர் வாங்குற இடத்துல கேளுங்க" என்று வைத்துவிட்டார்கள். அன்றுதான் நானே உட்கார்ந்து பார்க்க முடிவு செய்தேன்.

முதலில் ஒரு கிளாஸ் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு, கெக் பக்கத்தில் ஓர் இரவு வைத்தேன். காலையில் 3 டிகிரி. குளிர்ச்சியில் குறை இல்லை. கெக்கைக் கொண்டுவந்து பல நாள் ஆகிவிட்டதால் குலுங்கியதும் காரணம் இல்லை. டவர் சூடாக இருந்தால் முதல் கிளாஸ் மட்டும்தான் நுரைக்கும், அடுத்தடுத்தவை சரியாகிவிடும். எனக்கு எல்லா கிளாஸும் ஒன்றுபோல. டேப்பைப் பாதி திறந்து பிடித்தாலும் நுரைக்கும், ஆனால் நான் எப்போதும் முழுசாகத்தான் திறப்பேன்.

மிச்சம் இருந்தது குழாய். நல்ல வேளையாக, அவர் கழற்றிப் போட்ட பழைய குழாயை நான் தூக்கி எறியவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையது பத்து அடி, உள் விட்டம் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு. அவர் மாட்டியது ஐந்து அடி, உள் விட்டம் கால் அங்குலம். கண்ணால் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் ஓட்டத்துக்குக் கொடுக்கும் தடையில், அகலமான குழாய் அடிக்கு அடி பழையதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தராது. நீளமும் பாதி. 12 பி.எஸ்.ஐ.யில் கிளம்பும் பீர், குழாயின் தடையில் அந்த அழுத்தத்தை இழந்து, டேப்புக்கு அமைதியாக வந்து சேர வேண்டும். அதற்காகத்தான் அத்தனை நீளத்தைச் சுருட்டி வைத்திருந்தார்கள். "அழுக்கு சேரும்" என்று அவர் எடுத்துப்போட்டது இந்த இயந்திரத்துக்கு மிக அவசியமான பாகம்.

பழைய அளவிலேயே பத்து அடி புதுக் குழாய் வாங்கி நானே மாட்டினேன். ரெகுலேட்டரை விட விலை பல மடங்கு குறைவு. அழுத்தத்தை மீண்டும் 12-க்கு வைத்து, உயிர் போயிருந்த பீரில் வாயு ஏறுவதற்காக ஒரு வாரம் விட்டேன். இப்போது கிளாஸ் நிறைய பத்து விநாடி ஆகிறது, மேலே இரண்டு விரல் நுரை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பீர் குழாய்க்கான காரக் கரைசலை ஓடவிட்டு, நன்றாகத் தண்ணீர் விட்டு அலசுகிறேன். டேப்பையும் பிரித்துக் கழுவுகிறேன். அந்தப் புளிப்பு வாடைக்கு முதல் நாளே இது போதுமாக இருந்திருக்கும்.

உங்கள் வீட்டுக்கு வருகிறவர் வெப்பமானி எடுக்காமல், குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் கேட்காமல், நேராக ரெகுலேட்டரில் கை வைத்தால் அங்கேயே நிறுத்துங்கள். எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் அதை உங்களிடமே விட்டுப் போகச் சொல்லுங்கள். குழாய் மாற்றினால் என்ன விட்டம், எத்தனை அடி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் "குழாய் மாற்றம்" என்று மட்டும்தான் இருக்கிறது, அதனால் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, எந்தக் குழாய் போட்டோம் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டுவிட்டார்கள். அவர்கள் மாட்டிய அந்த ஐந்து அடிக் குழாயைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். கூடவே என் பழைய ரெகுலேட்டரையும் திருப்பிக் கேட்டிருக்கிறேன். இரண்டு வாரம் ஆகிறது, பதில் இல்லை.