கையேட்டு ஆங்கிலத்துக்கு ‘வேல்’: ஸ்பெல்லிங் சரிபார்க்கும் மென்பொருள் பற்றிய மதிப்புரை

மொரிஷியஸில் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதிப் பள்ளிப்படிப்பை முடித்த நாங்கள் ஆங்கிலத்தைப் பிரிட்டிஷ் முறையில் எழுதியே பழகியவர்கள். பிரெஞ்சும் அதற்குத் துணை நிற்கிறது. சென்டர், லிட்டர் ஆகிய சொற்கள் அங்கேயும் ஆர்-ஈ என்றே முடிகின்றன. ஆர்கனைஸ், அனலைஸ் ஆகியவற்றுக்கு நிகரான பிரெஞ்சு வினைகளிலும் இசட் கிடையாது, எஸ் தான். ஆனால் இங்குள்ள தகவல் தொழில்நுட்ப மையமான எபேன் சைபர் சிட்டியில் ஒரு மென்பொருளுக்குக் கையேடு எழுத உட்கார்ந்தால், திரையில் தெரிவதெல்லாம் அமெரிக்க எழுத்தாக இருக்கிறது. இணையப் பக்கங்களின் தோற்றத்தை அமைக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் கலர் என்ற பண்பை யு இல்லாமல்தான் எழுத வேண்டும், சென்டர் என்ற மதிப்பை ஈ-ஆர் போட்டுத்தான் எழுத வேண்டும். விளக்க வாக்கியத்தில் ஒரு வடிவமும், அதற்கடுத்த நிரல் வரியில் இன்னொரு வடிவமும் வருவதைத் தவிர்க்க முடியாது. விளக்கத்துக்குள்ளேயே இரண்டும் கலந்துவிட்டால்தான் தொல்லை. வாசகர் தேடுபெட்டியில் ஒரு வடிவத்தைத் தட்டினால் மற்ற வடிவத்தில் எழுதப்பட்ட பக்கம் அகப்படாமல் போகலாம்.

இந்தக் கலப்படத்தைக் களைவதற்கென்று எங்கள் குழுவில் நாங்கள் பயன்படுத்தும் கருவி ‘வேல்’. முருகன் கையில் இருப்பதோடு இதற்குத் தொடர்பில்லை. ஆங்கிலப் பெயரின் (Vale) ஒலிப்பு அப்படி அமைந்துவிட்டது. இது விலையில்லாத திறமூல மென்பொருள். பொத்தான்கள் இல்லாமல், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கட்டளை வரியில் இயங்கும். மார்க்டவுன், ஆஸ்கிடாக், எச்டிஎம்எல் போன்ற, குறிகள் இட்டு எழுதப்படும் உரைக் கோப்புகளைப் படிக்கும். இணையத்துக்கு எதையும் அனுப்பாமல் நம் கணினியிலேயே சரிபார்க்கும் என்பதால், வெளியிடப்படாத கையேடுகளையும் தயக்கமின்றிக் கொடுக்கலாம்.

இதன் முதல் சிறப்பு, நிரலையும் உரைநடையையும் பிரித்தறிவது. சாதாரணப் பிழைதிருத்திகளைப் பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு மாற்றினால், நிரல் துண்டிலுள்ள யு இல்லாத கலரின் அடியிலும் சிவப்புக் கோடு விழலாம். புதிதாகச் சேர்ந்தவர் அதை நம்பித் திருத்திவிட்டால் அந்த எடுத்துக்காட்டு வேலை செய்யாது. வேல், நிரல் பகுதிகளையும் வாக்கியத்துக்குள் நிரலாகக் குறிக்கப்பட்ட சொற்களையும் தொடுவதில்லை. உலாவியும் இணையத்தளமும் தகவல் பரிமாறும் நெறிமுறையான எச்டிடிபியின் தலைப்புகளில் ஒன்றான ரெஃபரர், இரண்டு ஆர் வர வேண்டிய இடத்தில் ஒரே ஆர் கொண்டு தவறாகப் பதிவாகி, 1996-இல் வெளியான, அந்த நெறிமுறையை விவரிக்கும் ஆர்எஃப்சி 1945 ஆவணத்திலும் அப்படியே இடம்பெற்று, இன்றுவரை மாற்ற வழியின்றி நிலைத்துவிட்டது. அதையும் நிரலாகக் குறித்துவிட்டால் இந்தக் கருவி பேசாமல் கடந்துவிடும்.

இரண்டாவது, ‘கன்சிஸ்டன்சி’ என்ற விதி வகை. எது சரி என்று இது தீர்ப்புச் சொல்வதில்லை. சென்டரின் இரு வடிவங்களில் ஏதேனும் ஒன்றை வைத்துக்கொள், ஒரே கோப்பில் இரண்டும் வேண்டாம் என்று மட்டும் எச்சரிக்கும். எந்த முறை என்று வாடிக்கையாளர் இன்னும் சொல்லாத நிலையில் இது மிகவும் உதவுகிறது. அவர் பதில் சொன்ன பிறகு ‘சப்ஸ்டிட்யூஷன்’ வகைக்கு மாறி, விலக்க வேண்டிய வடிவத்தையும் அதற்குப் பதிலான வடிவத்தையும் பட்டியலிட்டுவிடலாம்.

குறைகளும் உண்டு. இதனுடன் வரும் அகராதி அமெரிக்க ஆங்கிலத்துக்கானது. பிரிட்டிஷ் முறை வேண்டுமென்றால் ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்திக்கான அகராதியை நாமே தேடி இணைக்க வேண்டும். ஆயத்தமாகக் கிடைக்கும் விதித்தொகுப்புகளில் கூகுளின் நடைக் கையேட்டைப் பின்பற்றும் தொகுப்பை நிறுவினால், அது ஆர்கனைஸை எஸ் போட்டு எழுதுவது போன்ற சில பிரிட்டிஷ் வடிவங்களைக் கண்டால் எச்சரிக்கும். அந்த ஒரு விதியை மட்டும் அமைப்புக் கோப்பில் அணைத்துவிட்டு மற்றவற்றை வைத்துக்கொள்வதே எங்கள் வழக்கம். பிரிட்டிஷ் என்று சொன்னாலும் அது ஒரே முறை அல்ல என்பதையும் தொடக்கத்திலேயே பேசி முடித்துக்கொள்வது நல்லது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆங்கிலப் பெயரில் லேபர் என்பது யு பெற்றும் ஆர்கனைசேஷன் என்பது இசட் பெற்றும் நிற்கின்றன; ஆக்ஸ்ஃபோர்டு வழி அது. பிரெஞ்சு எழுதிப் பழகிய எங்கள் கைக்கு எஸ் தான் வருகிறது. ஆகவே எஸ் என்றே முடிவு செய்துகொண்டோம்.

பெரிய சங்கடம் பொத்தான்களில் இருக்கிறது. திரையிலுள்ள பொத்தானில் கலர் என்பது அமெரிக்க எழுத்தில் இருந்தால், கையேடும் அதை எழுத்து மாறாமல் எடுத்துக்காட்ட வேண்டும். நாங்கள் பொத்தான் பெயர்களைத் தடித்த எழுத்தில் இடுகிறோம்; வேலுக்கோ தடித்த எழுத்தும் உரைநடைதான். விலக்கவேண்டிய குறிகளின் பட்டியலில் தடித்த எழுத்துக்கான குறியையும் சேர்க்க முடியும். சேர்த்தால், தடித்த எழுத்தில் வரும் எச்சரிக்கைக் குறிப்புகளின் பிழைகளும் தப்பிவிடும். ஆகவே பொத்தான் பெயர்களை நிரல்போலக் குறிப்பதற்கு மாறினோம். பார்வைக்கு அது அவ்வளவு அழகாக இல்லை என்று வடிவமைப்பாளர் முணுமுணுக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பிரிட்டிஷ் முறையில் லைசென்ஸ் என்பது பெயராக வரும்போது சி-யும் வினையாக வரும்போது எஸ்ஸும் பெறும். வெறும் சொற்பட்டியலால் இதைப் பிரித்துப் பார்க்க இயலாது. அதேபோல் புரோகிராம், கணினி நிரலைக் குறித்தால் பிரிட்டனிலும் ஒற்றை எம். பயிற்சித் திட்டத்தைக் குறித்தால் இரட்டை எம்மும் ஈயும். பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் எங்களிடம் தவறு அதிகம் நேர்வது இங்கேதான். இத்தகைய சொற்களுக்கு ‘சஜஷன்’ என்ற மென்மையான நிலையை வைத்து, கண்ணால் பார்த்து முடிவெடுக்கிறோம். கலர், சென்டர் போன்ற ஐயமற்ற சொற்களுக்கு மட்டும் ‘எரர்’ நிலை.

வேர்ட் கோப்புகளிலேயே வேலை செய்பவர்களுக்கு இது பொருந்தாது, ஏனெனில் அவற்றை இது நேரடியாகப் படிப்பதில்லை. அவர்கள் முழு ஆவணத்தையும் தேர்ந்தெடுத்து, சரிபார்ப்பு மொழியைப் பிரிட்டன் ஆங்கிலம் என்று மாற்றிக்கொள்ளலாம். வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய பத்திகள் தம் பழைய மொழி அமைப்போடு வரக்கூடும் என்பதால், கோப்பை அனுப்புமுன் அதை மறுபடியும் மாற்ற வேண்டியிருக்கும்.