ஈரலுக்குப் புரோட்டீன் என்றார்கள், டின்னில் இருந்தது மாவும் சீனியும்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். புரோட்டீன் மாவு டின் வாங்கி எனக்கு 1,530 வெள்ளி (ரிங்கிட்) போனது.

நான் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். நாளெல்லாம் உட்கார்ந்த வேலை, வழி நெடுகத் தே தாரிக். போன வருடக் கடைசியில் ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்தது. ஈரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் ஏ.எல்.டி. என்ற நொதி 68. எடையைக் குறைங்க, இனிப்புத் தண்ணியை நிறுத்துங்க என்றார் அரசாங்க கிளினிக் டாக்டர். ஒரு வெள்ளிக்குக் கிடைத்த புத்தி என்பதால் எனக்கு உறைக்கவில்லை போல.

அடுத்த வாரமே கோயில் மண்டபத்தில் இலவச உடல் பரிசோதனை. வெறுங்காலோடு ஏறி நிற்கும் மெஷின், பக்கத்தில் புரோட்டீன் மாவு டின் அடுக்கு. விற்றவர் வேற்றாள் இல்லை, பக்கத்துத் தோட்டத்துப் பையன். "அண்ணே, உங்க ஈரலுக்குப் புரோட்டீன் பத்தல, அதான் கொழுப்பு தேங்குது" என்று கைப்பேசியில் ஒரு ஜெர்மன் ஆராய்ச்சியைக் காட்டினார். மூன்று மாதத்துக்கு ஒன்பது டின். வாங்கிவிட்டேன்.

அந்த ஆராய்ச்சி நிஜம்தான். 2017-இல் வந்தது. நீரிழிவு உள்ள 37 பேர் ஆறு வாரம் புரதம் கூடிய சாப்பாடு சாப்பிட்டார்கள், ஈரல் கொழுப்பு 36 முதல் 48 விழுக்காடு குறைந்தது. ஆனால் அவர்களுக்கு மொத்தக் கலோரியைக் கூட்டவில்லை, மாவுச்சத்தைக் குறைத்துத்தான் புரதத்தை ஏற்றினார்கள். தம்பி அந்தப் பாதியை விழுங்கிவிட்டார். நானோ வழக்கமான சோறு, ரொட்டி சானாய்க்கு மேலே தினம் இரண்டு கரண்டி டின் மாவையும் கலக்கிக் குடித்தேன்.

மூன்று மாதத்தில் எடை 4 கிலோ கூடியது. ஏ.எல்.டி. 97. போன் போட்டால், "விஷம் வெளியேறுது அண்ணே, அப்போ ஏறத்தான் செய்யும். இன்னும் மூணு டின் எடுங்க" என்கிறார்!

கிளினிக்கின் உணவியல் அதிகாரியிடம் டின்னைக் கொண்டுபோனேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, நேரே பின்பக்கம். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டுமாம். முதலில் மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்து. அடுத்து சீனி. மூன்றாவதாகத்தான் சோயா. 40 கிராம் கரண்டியில் புரதம் 8 கிராம், சீனி 14 கிராம். ஒரு முட்டையிலேயே 6 கிராம் புரதம் இருக்கிறது. 1,530 வெள்ளிக்கு எத்தனை தட்டு முட்டை வரும் என்று மனைவி கணக்குப் போட்டாள், நான் காதில் வாங்கவில்லை.

புரதம் மிகவும் குறைந்தாலும் ஈரலில் கொழுப்பு தேங்குமாம், கொழுப்பை ரத்தத்தில் ஏற்றி அனுப்பப் புரதம் வேண்டும் என்பதால். குலை வெட்டிக் குவித்து லாரி வராத கதை. ஆனால் தினம் மீனும் பருப்பும் தெம்பேயும் சாப்பிடுகிற எனக்கு லாரிக்குக் குறைவில்லை. சீனியும் மிஞ்சின மாவும் ஈரலிலேயே கொழுப்பாக மாறுகின்றன, என் பிரச்சினை அது. எடையில் 7 முதல் 10 விழுக்காடு இறங்கினால் பெரும்பாலும் ஈரல் தேறும் என்றார் அதிகாரி. டாக்டர் முதலிலேயே சொன்னது.

உடைக்காத இரண்டு டின்னைக்கூடத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார்கள். அதனால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும்தான் ஆதாரம், அழித்துவிடாதீர்கள். அதே மண்டபத்தில் வாங்கியவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள், மனுவை நிரப்ப நானே கூட வருகிறேன்.