பழைய நீச்சல் குளத் தளத்துக்கு 60 மி.மீ. பேவர் பிளாக்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பண்ணை வீடுகளில் பத்துப் பதினைந்து வருடப் பழைய நீச்சல் குளம் என்றால், தொட்டி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சுற்றியுள்ள சிமென்ட் தளம்தான் விரிசல் விட்டுப் பெயர்ந்து கிடக்கும். அதை உடைத்து அள்ளாமல் மேலேயே போடுவதற்கு 60 மி.மீ. பேவர் பிளாக் அருமையான பொருள். அடியில் குழாய் பழுதானால் அந்த இடத்தை மட்டும் பிரித்துத் திரும்பப் பதிக்கலாம்.

ஆனால் ரப்பர் மோல்டில் வார்த்த பளபளப்பான பிளாக்கைக் குளத்தருகே போடவே கூடாது. ஈரக்கால் பட்டால் வழுக்கும். மெஷினில் அழுத்தி எடுத்ததைத் தடவிப் பார்த்தால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். சாம்பல் அல்லது வெளிர் மஞ்சள் நிறம் நல்லது. கறுப்பு, மதிய வெயிலில் வெறுங்காலைச் சுட்டுவிடும்.

பேவர் பிளாக்குக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 15658-ன்படி பிளாக் உறிஞ்சும் தண்ணீர் சராசரியாக 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 200 x 100 மி.மீ. பிளாக் ஒன்று சுமார் 2.9 கிலோ இருக்கும். நன்றாகக் காய்ந்த மூன்றை எடை போட்டு, 24 மணி நேரம் ஊற வைத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள். சராசரியாக 175 கிராமுக்கு மேல் ஏறியிருந்தால் லோடைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

கடப்பா, தாண்டூர் இரண்டும் சுண்ணாம்புக் கல் வகை. குளத்து நீரில் சேர்க்கும் ஆசிட் பட்டால் அரித்துப்போகும். இயற்கைக் கல்தான் வேண்டும் என்றால் ஃபிளேம் செய்த (தீச்சுவாலையால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய) கிரானைட் போடுங்கள்.

வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் அடியில்தான். பழைய கான்கிரீட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்க வழியில்லாவிட்டால், மணல் படுகை மழைக்காலம் முழுக்க ஊறி, பிளாக் ஆடும், உப்புப் பூக்கும். அதனால் தளத்தின் தாழ்ந்த ஓரத்தில் 50 மி.மீ. துளைகள் போட்டு, சிறு ஜல்லி நிரப்பி, ஜியோ துணியால் (தண்ணீரை விட்டு மணலைத் தடுக்கும் துணி) மூட வேண்டும். குளத்துக்கு எதிர்ப்புறமாக, மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வாட்டம் கட்டாயம். கம்பியால் தட்டும்போது பொக்கைச் சத்தம் வரும் இடத்தையும், விரிசலின் ஒரு பக்கம் இறங்கியிருக்கும் இடத்தையும் உடைத்துவிட்டுப் புதிதாகக் கான்கிரீட் போடுங்கள். மேலே பிளாக் போட்டு மறைத்தால் அதுவும் கூடவே இறங்கும்.

படுகைக்கு 30 மி.மீ. எம்-சாண்ட் போதும். கிரஷர் தூள் மலிவுதான், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணலும் பிளாக்கும் சேர்ந்து தளம் 9 செ.மீ. உயரும். கதவு நிலை, ஸ்கிம்மர் (குளத்தில் மிதக்கும் குப்பையை இழுக்கும் பெட்டி) மூடி, கோப்பிங் கல் (குளத்தின் விளிம்புக் கல்) மூன்றையும் முதலிலேயே அளக்காவிட்டால் பாதி வேலையில் கை பிசைய வேண்டியதுதான்.

20 x 10 அடிக் குளத்தைச் சுற்றி 4 அடி அகலம் என்றால் 304 சதுர அடி, அதாவது 28 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 50 வீதம் 1,400 பிளாக். வெட்டுச் சேதாரத்துக்கு 100 சேர்த்து வாங்குங்கள். மணல் சுமார் 30 கன அடி.

கோப்பிங்கை ஒட்டிய வரிசையை மட்டும் கலவையில் பதித்து, கோப்பிங்குக்கும் அதற்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளி விட்டு, பாலிசல்ஃபைடு சீலன்ட் (ரப்பர் போல நெகிழும் அடைப்புப் பசை) அடைக்க வேண்டும். அங்கே சிமென்ட் பூசினால் வெயிலில் விரியும் தளம் கோப்பிங்கைத் தள்ளிப் பெயர்த்துவிடும்.

வேலைக்காகக் குளத்தை வற்ற வைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது காலித் தொட்டி மிதந்து எழும்பிவிடக்கூடும். தண்ணீரை அப்படியே விட்டுத் தார்ப்பாய் போட்டு மூடினால் போதும்.