முதல் பகுதி முடிந்தது, ஹீரோ இன்னும் பிறக்கவில்லை

வாள் சண்டையும் காதலும் கலந்த சீனச் சரித்திரத் தொடர் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால், பாதிப் பேர் கைகாட்டுவது 2017இல் வந்த ‘தி லெஜண்ட் ஆஃப் த காண்டோர் ஹீரோஸ்’ தொடரைத்தான். குவோ ஜிங், ஹுவாங் ரோங் ஜோடிக்காகவே பார்க்கலாம் என்றார்கள். சரி என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் ஓடி முடிந்தும் ஜோடியைக் காணோம். ஹீரோ இன்னும் அம்மா வயிற்றில் இருக்கிறான், ஹீரோயினுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

காதல் கதை பார்க்க வந்தவனுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் இந்த முதல் பகுதியைத் தாண்டிவிட்டு ஜோடி வரும் இடத்துக்கு ஓட்டிப் போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பின்னால் வருகிற அத்தனைக்கும் விதை இங்கேதான் விழுகிறது.

கதை நடக்கும் காலத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு பார்த்தால் சுவை கூடும். 1127இல் வடக்கிலிருந்து வந்த ஜின் படை சோங் வம்சத்தின் தலைநகரான கைஃபெங்கைச் சூறையாடி, அப்பா, மகன் என இரண்டு பேரரசர்களையும் சிறைபிடித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியவர்கள் தெற்கே வந்து லின்ஆனை, அதாவது இன்றைய ஹாங்சோவை, தலைநகராக வைத்துக்கொண்டார்கள். அதன் பக்கத்தில் நியூஜியா என்றொரு சின்ன கிராமம். அங்கே குவோ ஷியாவ்தியான், யாங் தியேஷின் என்று இரண்டு நண்பர்கள், கூடப் பிறக்காத அண்ணன் தம்பி மாதிரி. இருவர் மனைவியும் கர்ப்பம்.

பனி கொட்டும் நாளில் ச்சியூ ச்சூஜி என்ற தாவோ துறவி அந்த வழியாக வருகிறார். வா சாமி, ஒரு வாய் குடித்துவிட்டுப் போ என்று இவர்கள் கூப்பிட, அவர் சந்தேகப்பட்டு முறைக்க, வார்த்தை தடித்து ஈட்டியும் கையுமாகச் சண்டையே வந்துவிடுகிறது. யாங் தோற்று ஓடுகிறவன் மாதிரிப் போக்குக் காட்டிச் சட்டென்று திரும்பிக் குத்தும் அந்த ஈட்டி வித்தை அவனுடைய குடும்பச் சொத்து. துறவிக்கு ஆள் யாரென்று புரிவதே அதைப் பார்த்துத்தான். அடித்துக்கொண்டவர்கள் அடுத்த நிமிடம் ஒன்றாக உட்கார்ந்து குடிக்கிறார்கள். வுஷியா என்கிற சீன வாள்வீரர் கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம் இது: வாயால் சொல்லும் அறிமுகத்தை யாரும் நம்புவதில்லை, கைதான் பேச வேண்டும்.

பிறக்கப்போகும் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பவரும் அவர்தான். 1127இன் அவமானத்தைச் சீனர்கள் ‘ஜிங்காங்’ என்ற அந்த ஆண்டுப் பெயரால்தான் குறிப்பிடுவார்கள். அதைப் பிய்த்து ஒரு பிள்ளைக்கு ஜிங், இன்னொன்றுக்குக் காங். இரண்டும் ஆணாக இருந்தால் அண்ணன் தம்பி, பெண்ணாக இருந்தால் அக்கா தங்கை, ஒன்று ஆணும் ஒன்று பெண்ணுமானால் கல்யாணம் என்று பேச்சு முடிகிறது. பெயர் பொறித்த இரண்டு குறுங்கத்திகளையும் மாற்றி வைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு சின்ன வேடிக்கை. ச்சியூ ச்சூஜி நிஜமாகவே வாழ்ந்தவர். தொடரில் ஜின் என்ற சொல்லைக் கேட்டாலே கொதிக்கிறவர், சரித்திரத்தில் ஜின் ஆட்சிக்குள்ளேயே இருந்து, 1188இல் ஜின் பேரரசர் அழைத்தபோது தலைநகருக்கும் போய்வந்தவர். எழுபது வயதைத் தாண்டி இந்துகுஷ் மலைப்பக்கம் வரை பயணம் செய்து 1222இல் செங்கிஸ்கானைச் சந்தித்தார். சாகாமல் இருக்க மருந்து உண்டா என்று கான் கேட்டதற்கு, உயிரைப் பேண வழி உண்டு, சாகாவரத்துக்கு மருந்து கிடையாது என்றாராம். இந்த மனிதரைத்தான் கதையில் முன்கோபக்காரச் சண்டைச் சாமியாராக ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு இரண்டு பேரையுமே பிடித்திருக்கிறது.

ஆனால் இந்தப் பகுதி துறவியுடையது அல்ல, யாங்கின் மனைவி பாவ் ஷிருவோவுடையது. அடிபட்ட குருவியைக்கூட விட்டுவிட்டுப் போக மனம் வராத பெண். அம்பு பாய்ந்து குற்றுயிராகக் கிடக்கும் முன்பின் தெரியாத ஒருவனை விறகுக் கொட்டகைக்கு இழுத்துவந்து, கை நடுங்க அம்பைப் பிடுங்கிப் பிழைக்க வைக்கிறாள். புருஷனிடம் மூச்சுவிடவில்லை. அவன் ஜின் இளவரசன் வான்யான் ஹோங்லியே. கண்விழித்தவன் அவளைப் பார்க்கும் பார்வையிலேயே நமக்கு வயிற்றைக் கலக்கிவிடுகிறது. கெட்டவன் ஒருவன் நுழைந்து குடியைக் கெடுப்பதைப் பார்த்துப் பழகிவிட்டோம், ஒருத்தியின் இரக்கம் இரண்டு குடும்பத்தை அழிக்கப் புறப்படுவதைப் பார்ப்பது வேறு மாதிரி வலி. காதல் தொடரில் முதலில் வரும் காதல் இதுதான், அதுவும் விஷமாக.

குறை இல்லாமல் இல்லை. கயிறு கட்டிப் பறப்பது தாராளமாகவே இருக்கிறது, கூடவே ஸ்லோமோஷன் வேறு, ஒரு அடி விழுந்து முடிவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். பெயர்கள் மனதில் நிற்க நேரம் ஆகும். நான் பார்த்த தளத்தின் ஆங்கில சப்டைட்டில் படு மோசம், துறவியை ஒரு இடத்தில் பாதிரியார் ஆக்கிவிட்டார்கள்.

ஆரம்பப் பாடலை மட்டும் ஓட்டிவிடாதீர்கள். பாத்திரங்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் வித்தையைக் காட்ட, பின்னணியில் ஒலிப்பது 1983 ஹாங்காங் தொடரின் அதே மெட்டு. அந்தத் தொடரில் யாங் காங்காக வந்த மைக்கேல் மியூ, இதில் ஹீரோயினின் அப்பா. மொத்தம் 52 பகுதி. ஒன்று முடிந்த கையோடு இரண்டாவதைப் போட்டேன், அதிலாவது பிள்ளை பிறக்குமா பார்ப்போம் என்று.